கடலுக்குக் கதவிட்டவர்

ஆண்டின் பொதுக்காலம் 12ஆம் ஞாயிறு – இரண்டாம் ஆண்டு (23.06.2024)
வானொலி மறையுரை
வாசகங்கள்: யோபு 38:1, 8-11, 2 கொரிந்தியர் 5:14-17, மாற்கு 4:35-41



இன்றைய முதல் வாசகமும் நற்செய்தியும் நம்மைக் கடலுக்குக் கூட்டிச் செல்கின்றன. நாமோ கடலைப் பார்க்க வேண்டுமென்றால் வேளாங்கண்ணிப் பேருந்தில் ஏறி அரை நாள் செலவழிக்க வேண்டிய ஊர்க்காரர்கள். கடல் இருக்கட்டும், காவிரியிலேயே தண்ணீர் இல்லை. ஜூன் 12 வந்து போய்விட்டது. மேட்டூர் அணை திறக்கப்படவில்லை. திருவரங்கத்துப் பாலத்தைக் கடக்கிறவர்கள் கீழே மணலைத்தான் பார்த்துக்கொண்டு போகிறார்கள். இப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கடலைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று தோன்றலாம்.

பேச வைத்தவர் நம் பங்கு இளைஞர் ஒருவர். போன வாரம் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தபோது கைப்பேசியை நீட்டினார். வாட்ஸ்அப்பில் வந்த செய்தி. ஒருவருடைய உள்ளங்கையில் பனிக்கட்டி இருக்கிறது, அது தீப்பற்றி எரிகிறது. கீழே சிவப்பு எழுத்தில், கடலுக்கு அடியில் மீத்தேன் வெடிகுண்டு, எந்த நிமிடமும் வெடிக்கலாம், 2004 சுனாமி அதன் முன்னோட்டம் என்று எழுதி, திருவெளிப்பாடு நூலின் அதிகார எண் ஒன்றையும் சேர்த்திருந்தார்கள். "ஃபாதர், இது நெசமா?" என்று கேட்டார். அவருக்குப் பக்கத்தில் அவருடைய தாத்தா நின்றிருந்தார். தாத்தாவும் ஒன்று கேட்டார். அதைப் பிறகு சொல்கிறோம். படித்துப் பார்த்துவிட்டு அடுத்த ஞாயிறு பதில் சொல்வதாக இருவரிடமும் வாக்குக் கொடுத்தோம். இன்றைய மறையுரை அந்தப் பதில்தான்.

முதலில், அந்தப் படம் பொய்யல்ல. பனிக்கட்டி எரியும். கடலடிச் சேற்றில் நெடுங்காலமாக மடிந்து புதைந்த பாசிகளும் சிற்றுயிர்களும் காற்றுப் படாமல் மட்கும்போது மீத்தேன் பிறக்கிறது. சாண எரிவாயுக் கலத்தில் பிறக்கிறதே, அதே வாயு. ஆழ்கடலின் குளிரிலும் நீரின் பாரத்திலும் தண்ணீர் மூலக்கூறுகள் கூண்டு போல ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இந்த வாயுவை உள்ளே சிறைப்பிடித்துவிடுகின்றன. பார்ப்பதற்குப் பனிக்கட்டி, தீக்குச்சியைக் காட்டினால் எரியும். மீத்தேன் ஹைட்ரேட் என்பது அதன் பெயர். ஒரு கன மீட்டர் கட்டியை உருகவிட்டால் ஏறத்தாழ 160 கன மீட்டர் வாயு வெளிவரும். அவ்வளவு நெருக்கி அடைத்த சிறை அது.

இதை வேறு பங்கில் விளக்குவது கடினமாக இருந்திருக்கும். கைலாசபுரத்தில் எளிது. இங்கே வீட்டுக்கு ஒருவராவது கொதிகலனோடு வாழ்ந்தவர். எந்த அழுத்தத்தில், எந்த வெப்பத்தில் தண்ணீர் தண்ணீராக இருக்கும், எப்போது நீராவியாகும் என்று 'ஸ்டீம் டேபிள்' புரட்டிப் பழகியவர்கள் நீங்கள். கடலடிக் கட்டிக்கும் அப்படி ஓர் அட்டவணை உண்டு. மேலே பாரம் இருக்க வேண்டும், குளிர் இருக்க வேண்டும். பாரம் குறைந்தாலோ, சூடு ஏறினாலோ கூண்டு கலைந்துவிடும். உள்ளே இருப்பது வெளியே வரும்.

இது எங்கோ வடதுருவத்துச் செய்தி என்று நினைக்க வேண்டாம். நம் வங்கக் கடலில் இருக்கிறது. 1997ஆம் ஆண்டு மத்திய அரசு இதைத் தேடுவதற்கென்றே ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 2006 ஏப்ரல் கடைசியில் 'ஜாய்டஸ் ரெசல்யூஷன்' என்ற துளையிடும் கப்பல் வந்தது. 113 நாட்கள் நம் இரு கரைக் கடல்களிலும் அந்தமான் அருகிலும் சேற்றைத் துளைத்து எடுத்துப் பார்த்தார்கள். கிருஷ்ணா, கோதாவரி ஆறுகள் கலக்கும் பகுதிக்கு வெளியே, ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஆழத்தில், கடல் தரைக்கும் கீழே 130 மீட்டர் கனத்துக்கு இந்தக் கட்டி வெடிப்புகளை நிரப்பிக்கொண்டு கிடந்தது. அந்தமான் பக்கம் எரிமலைச் சாம்பல் அடுக்குகளுக்குள்ளே, கடல் தரைக்குக் கீழே 600 மீட்டர் வரைக்கும் இருந்தது. பிறகு 2015இல் ஜப்பானியக் கப்பலான 'சிக்யூ'வைக் கொண்டுவந்து மறுபடியும் துளையிட்டார்கள். இம்முறை மணற்படுகைகளில், வெளியே எடுக்க வசதியான விதத்தில், செறிவாகக் கிடைத்தது. சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் இந்தத் தேடலுக்காகவே ஆளில்லாமல் கடலடிக்குப் போய்வரும் இயந்திரம் ஒன்றைச் செய்து இறக்கியது.

ஆக, கட்டி உண்மை. வெடிகுண்டு உண்மையா? அங்கேதான் அந்தச் செய்தி நம்மை ஏமாற்றுகிறது.

சுனாமியை முதலில் தீர்த்துவிடுவோம். 2004 டிசம்பர் 26 அன்று வந்த அலைக்குக் காரணம் சுமத்திரா அருகே கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கம். மீத்தேனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள் காலையில் வேளாங்கண்ணிக் கரையில் மாண்டவர்களை ஒரு வாட்ஸ்அப் மிரட்டலுக்குச் சாட்சிக்கு இழுப்பது, அதுவும் திருமறை நூலைத் துணைக்கு வைத்துக்கொண்டு, நமக்குக் கோபத்தையே வரவழைத்தது. இந்தக் கோபத்தை மன்னியுங்கள். அப்படி ஒரு செய்தி வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இனி முதல் வாசகத்துக்கு வருவோம். யோபுவின் பிள்ளைகள் போனார்கள், சொத்து போனது, உடல் புண்ணானது. ஏன் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்தவரிடம் ஆண்டவர் சூறாவளியினின்று பேசுகிறார். பேசும்போது நேரடியாக எந்தக் காரணமும் சொல்வதில்லை. கடலைக் காட்டுகிறார். தாயின் கருவறையிலிருந்து குழந்தை பீறிட்டு வருவதுபோலக் கடல் வந்தது என்றும், மேகத்தை அதற்குத் துணியாகச் சுற்றியவர் தாமே என்றும், கதவு வைத்துத் தாழிட்டு, இதுவரைக்கும்தான் என்று எல்லை வகுத்தவரும் தாமே என்றும் சொல்கிறார். பழைய எபிரேய மனதுக்குக் கடல் என்றாலே அச்சம், ஒழுங்கில்லாமையின் வடிவம். அந்தக் கடலை ஆண்டவர் கைக்குழந்தையாக்கித் துணி சுற்றுகிறார் என்பது எவ்வளவு துணிச்சலான படம்!

கடலடி மீத்தேனைப் பற்றிப் படிக்கப் படிக்க இந்தக் கதவும் தாழ்ப்பாளும்தான் நம் நினைவில் வந்துகொண்டிருந்தன. ஆயிரம் மீட்டர் நீரின் பாரம் ஒரு தாழ்ப்பாள். குளிர் ஒரு தாழ்ப்பாள். மேல்கடல் சூடானாலும் அந்தச் சூடு ஆழத்துக்கு இறங்கி, சேற்றுக்குள்ளும் புகுந்து, கட்டியைத் தொடுவதற்குப் பல நூற்றாண்டுகள் ஆகும். அப்படியே ஓரிடத்தில் கூண்டு கலைந்து வாயு கிளம்பினாலும், மேலே வரும் வழியில் அதைத் தின்றே வாழுகிற நுண்ணுயிர்கள் காத்திருக்கின்றன. சேற்றில் ஒரு கூட்டம், நீரில் ஒரு கூட்டம். ஆழ்கடலில் கசியும் மீத்தேனில் மிகப் பெரும்பகுதி காற்றை எட்டுவதே இல்லை. கண்ணுக்குத் தெரியாத இந்தக் காவலாளிகளை வைத்தவர் யார் என்று ஆண்டவர் யோபுவிடம் கேட்டிருந்தால் அதுவும் அந்த அதிகாரத்தில் அழகாகப் பொருந்தியிருக்கும்.

ஐ.நா.வின் பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு 2021இல் வெளியிட்ட அறிக்கை இதைத் தெளிவாகவே சொல்கிறது. கடலடி ஹைட்ரேட் கரைந்து இந்த நூற்றாண்டின் வெப்ப உயர்வைக் குறிப்பிடும்படி மாற்றிவிடுவதற்கு வாய்ப்பு மிக மிகக் குறைவு. நம் இளைஞருக்கு இதுதான் முதல் பதில். தம்பி, இன்றிரவு நிம்மதியாகத் தூங்கலாம்.

ஆனால் நாளை காலையில் எழுந்திருக்க வேண்டும். ஏனென்றால் பதில் அத்தோடு முடியவில்லை.

நற்செய்தியில் ஆண்டவர் படகின் பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். அந்தத் தூக்கத்தை நாம் வசதியாக எடுத்துக்கொள்வதுண்டு. "அவரே தூங்குகிறார், நமக்கென்ன கவலை, எல்லாம் கடவுள் பார்த்துக்கொள்வார்" என்போம். அவருடைய தூக்கம் நாளெல்லாம் மக்களுக்குப் போதித்துக் களைத்தவரின் தூக்கம். தந்தையின் கையில் பிள்ளையாகத் தூங்கிய தூக்கம். படகில் ஓட்டை போட்டுவிட்டுத் தூங்குகிறவனின் தூக்கம் வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்கக் கூடாது.

ஓட்டை எங்கே என்கிறீர்களா? நிலக்கரி, எண்ணெய், வாயு எரித்து நாம் உண்டாக்கிய கூடுதல் வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேல் கடல் தன்மீது வாங்கிக்கொண்டிருக்கிறது. கடல் மட்டும் வாங்கிக்கொள்ளாவிட்டால் நாம் வெந்திருப்போம். கடலுக்குத் தாழ்ப்பாளாக ஆண்டவர் வைத்த குளிரை, மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நாம்தான் கரைத்துக்கொண்டிருக்கிறோம். துருவப் பகுதியின் ஆழமற்ற கடல்களிலும், கட்டி நிலைத்திருக்கும் எல்லையின் மேல் விளிம்பிலும் தாழ்ப்பாள் அவ்வளவு கெட்டியாக இல்லை. வாயு காற்றை எட்டாவிட்டாலும் கணக்கு தீர்ந்துவிடுவதில்லை. நுண்ணுயிர்கள் அதைத் தின்னும்போது நீரிலுள்ள உயிர்வளியைச் செலவழிக்கின்றன, கரியமில வாயுவைத் திருப்பிக் கொடுக்கின்றன, கடல் புளிக்கிறது. இன்னொன்றும் உண்டு. 5 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு பூமி திடீரென்று 5 பாகைக்கும் மேல் சூடான ஒரு காலம் இருந்தது. அந்தச் சூட்டில் கடலடி மீத்தேனுக்கும் பங்கு இருந்ததா என்று அறிவியலார் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள். வழக்கு முடியட்டும். நூறு, இருநூறு ஆண்டில் அசையாத கதவு என்பதால் என்றைக்கும் அசையாது என்று பொருளாகாது. நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளும் திருமுழுக்குப் பெற்றவர்களாகத்தான் பிறந்து வளரப்போகிறார்கள். அவர்களும் நமக்கு உறவு.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில் 24ஆம் பத்தியைப் பாருங்கள். துருவப் பனி உருகினால் மீத்தேன் வெளியேறும் ஆபத்து உண்டென்று அதில் எழுதியிருக்கிறார். குருமடத்தில் நாம் படித்த திருமடல்களில் மீத்தேன் என்ற சொல்லைத் தேடினாலும் கிடைக்காது. முதல் தடவை வாசித்தபோது நாமே கொஞ்சம் விழித்தோம். ஒரு சிறு மாற்றம் இன்னொன்றைத் தூண்டி, அது மற்றொன்றைத் தூண்டி, திரும்பி வர முடியாத இடத்துக்குப் போய்விடலாம் என்ற கவலையைக் 2023 அக்டோபரில் வெளியிட்ட 'லவுதாத்தே தேயும்' மடலில் இன்னும் அழுத்தமாகவே சொன்னார்.

இவ்வளவும் கதவு தானாகத் திறப்பதைப் பற்றி. நாமாகப் போய்த் தட்டுவதைப் பற்றியும் பேச வேண்டும். மேலே சொன்ன கப்பல்கள் பருவநிலையைக் காப்பாற்ற வந்தவை அல்ல. எரிபொருள் தேடி வந்தவை. ஜப்பான் 2013இல் தன் கடலில் முதன்முதலாக இந்தக் கட்டியிலிருந்து வாயு எடுத்தது. ஆறே நாளில் கிணற்றில் மணல் ஏறி நின்றுபோனது. 2017இல் சீனா தென்சீனக் கடலில் 60 நாட்கள் எடுத்துக் காட்டியது. நம் நாட்டில் இன்னும் ஆய்வு நிலைதான். எடுக்கும் வழி என்ன தெரியுமா? பெரும்பாலும் கிணற்றில் அழுத்தத்தைக் குறைப்பதுதான். தாழ்ப்பாளைத் தளர்த்துவது.

இதில் எளிதான தீர்ப்பு சொல்ல நமக்குத் தைரியமில்லை. நம் நாடு எரிக்கும் இயற்கை வாயுவில் ஏறத்தாழ பாதியை வெளிநாட்டிலிருந்து விலை கொடுத்து வாங்குகிறது. ஏழைத் தாயின் சமையலறைக்கு வாயு வேண்டாம் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? நிலக்கரியைவிட அது குறைவாகவே புகைக்கும் என்பதும் மெய். ஆனால் எரியாமல் கசிந்த மீத்தேன், இருபது ஆண்டுக் கணக்கில், அதே எடை கரியமில வாயுவைவிட 80 மடங்கு சூடேற்றும். ஆயிரம் மீட்டர் ஆழத்தில் கசிவுக்குக் காவல் இருப்பது யார்? எண்ணெய், வாயுக் கிணற்றின் வாயில் அடுக்கடுக்காகப் பொருத்தும் வால்வுத் தொகுதியை 'கிறிஸ்துமஸ் மரம்' என்பார்கள். நம் ஊர்த் தொழிற்சாலையிலும் அதைச் செய்து அனுப்பியிருக்கிறார்கள். அதைச் செய்த கைகளுக்குத் தெரியும், ஒரு சீல் சரியில்லை என்றால் என்ன ஆகும் என்று.

மீத்தேன் என்றால் நம் பக்கத்து மக்களுக்கு வேறொரு நினைவும் உண்டு. 2010இல் மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்க ஒப்பந்தம் போடப்பட்டது. அது கடலடிக் கட்டி அல்ல, வேறு வகை. நிலத்தடி நீரை வெளியே இறைத்தால்தான் அந்த வாயு வரும் என்று தெரிந்ததும் டெல்டா விவசாயிகள் எழுந்தார்கள். ஐயா நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து பேசினார். அந்தப் பயணத்திலேயே, 2013 டிசம்பர் 30 அன்று, பட்டுக்கோட்டை அருகே உயிர் நீத்தார். 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. நிலத்துக்கு உட்கார்ந்து போராட ஆள் இருந்தது. கடலடிக்கு யார் போய்ப் பந்தல் போட்டு உட்காருவது?

இங்கே மாற்குவின் ஒரு சிறு குறிப்புக்கு வருவோம். புயலை அடக்கிய நிகழ்ச்சியை மத்தேயுவும் லூக்காவும் எழுதியிருக்கிறார்கள். மாற்கு மட்டும் ஒன்றைச் சேர்க்கிறார்: அன்று மாலை வேறு படகுகளும் அவரோடு இருந்தன. அதற்கப்புறம் அந்தப் படகுகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆண்டவர் இருந்த படகில் தண்ணீர் ஏறியது, அலறினார்கள், எழுப்பினார்கள், அமைதி வந்தது. மற்றப் படகுகளில் இருந்தவர்களுக்கு எழுப்ப யார் இருந்தார்கள்? அதே புயல், அதே அலை. அமைதி வந்தபோது அது அவர்களுக்கும் வந்தது. அங்கே ஆண்டவர் கடலை அடக்கச் சொன்ன சொல், கிரேக்க மூலத்தில், வாய்ப்பூட்டு போடுவதைக் குறிப்பது. போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டுவது பற்றிப் பேசும்போது நம் மறைநூலில் வருவதும் அதே சொல்தான். கடலின் வாயைக் கட்டியவர் ஒரு படகுக்காக மட்டும் கட்டவில்லை.

கைலாசபுரத்துப் படகு கொஞ்சம் உறுதியான படகு. குவார்ட்டர்ஸ் இருந்தது, மருத்துவமனை இருந்தது, பள்ளி இருந்தது, சாலையோரம் மரங்களும் நிழலும் இருக்கின்றன. மற்றப் படகுகள் எவை? 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது நாம் பார்த்தோம். நம் பங்கில் பலருக்குச் சொந்த ஊர் பட்டுக்கோட்டை, பேராவூரணி, புதுக்கோட்டைப் பக்கம். முப்பது வருடத் தென்னை ஒரே இரவில் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் பல நாள் சரியாகப் பேசவில்லை. ஒரு புயலை இன்னாரால் வந்தது என்று விரல் நீட்ட முடியாது. ஆனால் சூடான வங்கக் கடல் புயலுக்குத் தீனி போடுகிறது என்பதில் சந்தேகம் இல்லை. கடலடிக் கதவு அசைய நூற்றாண்டுகள் ஆகலாம். அந்தக் கதவின் குளிரைக் கரைக்கும் அதே சூடு, மற்றப் படகுகளை இன்றைக்கே மூழ்கடிக்கிறது. வாட்ஸ்அப் செய்தி இதைச் சொல்லவில்லை. தொலைதூர வெடிகுண்டைக் காட்டிப் பக்கத்துப் படகை மறைத்துவிட்டது.

இப்போது அந்தத் தாத்தாவின் கேள்வி. பேரன் பேசி முடித்ததும் அவர் மெதுவாகக் கேட்டார்: "சாமி, அப்போ நாங்க முப்பத்தஞ்சு வருஷம் பாய்லர் செஞ்சது பாவமா?"

நமக்கு உடனே பதில் வரவில்லை. பொய்யாக ஒரு ஆறுதல் சொல்லி அனுப்பியிருக்கலாம். 1965இல் தொடங்கிய தொழிற்சாலை. அதை நம்பி எத்தனை ஊர்களிலிருந்து எத்தனை குடும்பங்கள் வந்து இங்கே கூரை போட்டார்கள்! இங்கே செய்த கொதிகலன்கள் நாட்டின் எத்தனையோ அனல்மின் நிலையங்களில் நிலக்கரி எரித்தன. அந்த வெளிச்சத்தில் கிராமத்துப் பிள்ளை படித்தது. அறுவைக் கூடத்தில் விளக்கு எரிந்தது. மோட்டார் ஓடி வயலுக்குத் தண்ணீர் பாய்ந்தது. இந்த மறையுரையை ஒலிபரப்பும் வானொலி நிலையமும் அந்த மின்சாரத்தில்தான் ஓடுகிறது. நம் பங்கு இல்லத்தின் மின்விசிறியும் அப்படியே. அதே புகைபோக்கி வழியாகத்தான் கடலைச் சூடாக்கும் வாயுவும் போனது. இரண்டும் உண்மை. ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்க முடியாது.

அன்று அவரிடம் சொன்னதை இன்று உங்கள் முன்னும் சொல்கிறோம். ஐயா, பாவம் என்றால் அறிந்து, மனம் ஒப்பிச் செய்ய வேண்டும். நீங்கள் அறிந்தது வெல்டிங்கில் ஓட்டை விழக் கூடாது என்பது. அதில் நீங்கள் உண்மையாக இருந்தீர்கள். இந்தக் கேள்வி உங்களுக்குரியதைவிட அதிகமாக எங்களுக்குரியது. ஏனென்றால் நாங்கள் அறிந்துவிட்டோம். அவர் தலையை ஆட்டினார். சமாதானமடைந்தாரா என்று தெரியவில்லை. பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

இரண்டாம் வாசகத்தில் பவுல் கொரிந்து மக்களுக்கு எழுதுவது இதைத் தொடுகிறது. கிறிஸ்து எல்லாருக்காகவும் இறந்தார். ஆகவே வாழ்கிறவர்கள் இனித் தங்களுக்கென்று வாழக் கூடாது என்கிறார். அந்த 'எல்லாரும்' என்ற சொல்லுக்குள் மற்றப் படகுகளும் அடங்கும்.

நம் கைக்கு எட்டிய இடத்தில் ஒரு மீத்தேன் கதவு திறந்து கிடக்கிறது. தஞ்சாவூர் சாலையில் போகிற எல்லாருக்கும் தெரிந்த இடம், அரியமங்கலம் குப்பைக் கிடங்கு. சுமார் 47 ஏக்கர். பல ஆண்டுகளாகக் குவித்த குப்பையைக் கிளறிப் பிரித்து அகற்றும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அங்கே அடிக்கடி தீப்பிடித்துப் புகை மண்டியதற்கு என்ன காரணம்? நம் வீட்டுச் சோறும் காய்கறித் தோலும் பிளாஸ்டிக் பைக்குள் முடிச்சுப் போடப்பட்டு, காற்றில்லாமல் அழுகி, மீத்தேனாகிறது. கடலடியில் நடப்பதுதான். வேறுபாடு ஒன்றே: அங்கே ஆயிரம் மீட்டர் நீரும் குளிரும் தின்னும் நுண்ணுயிர்களும் காவல் இருக்கின்றன, இங்கே ஒரு காவலும் இல்லை, நேரே காற்றுக்குப் போகிறது. அந்தப் புகையை முதலில் சுவாசித்தது கிடங்கைச் சுற்றிக் குடியிருப்பவர்கள். அவர்களும் ஒரு படகு. நம் அன்பியங்களில் மூன்று, மக்கும் குப்பையைத் தனியே பிரித்துத் தோட்டத்திலேயே உரமாக்கத் தொடங்கியிருக்கின்றன. கோவிலுக்குப் பின்னாலுள்ள குழியைப் பார்க்க விரும்புகிறவர்கள் திருப்பலிக்குப் பிறகு வரலாம். நாற்றம் கொஞ்சம் இருக்கும். சரியாகக் கிளறவில்லை என்று நம் உபதேசியார் நம்மைத்தான் குற்றம் சொல்கிறார்.

சீடர்கள் அந்தப் படகில் இரண்டு முறை அஞ்சினார்கள். புயலைக் கண்டு ஒரு முறை. புயல் ஓய்ந்த பிறகு, காற்றும் கடலும் கீழ்ப்படியும் இவர் யார் என்று இன்னொரு முறை. இரண்டாவதாக வந்ததையே மாற்கு பேரச்சம் என்கிறார். முதல் அச்சத்தை வாட்ஸ்அப் தாராளமாகக் கொடுக்கிறது. இரண்டாவது அச்சத்தை இந்தத் திருப்பலியில் கேட்டுப் பெறுவோம். கடலடியில் நம் கண் படாத ஆழத்தில் குளிரையும் பாரத்தையும் தாழ்ப்பாளாக இட்டு, நம்மைக் கேட்காமலே நம்மைக் காத்தவர் முன் நிற்கும் அச்சம் அது.

இன்று விசுவாசிகளின் மன்றாட்டில் ஒரு கருத்தைச் சேர்த்திருக்கிறோம். கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடை ஜூன் 14 நள்ளிரவோடு முடிந்தது. நாகையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் புறப்பட்ட விசைப்படகுகள் இந்த நேரத்தில் கடலில் இருக்கின்றன. இரண்டு மாதக் கடனை அடைக்கப் போனவர்கள். அவர்களில் பலர் நம்மைப் போலவே திருமுழுக்குப் பெற்றவர்கள். மற்றவர்களும் நம் சகோதரர்களே. வானொலி முன் இருக்கிறவர்கள் இருக்கும் இடத்திலேயே எழுந்து நின்று, அவர்கள் பெயரைச் சொல்லி ஒரு 'விண்ணுலகில் இருக்கிற' சொல்வோம்.